ஆற்றுக்கு விட்ட மூன்று பரப்பு

யாழ்ப்பாணத்தில் ஆறு இருக்கிறதா என்று வெளியூர்க்காரர் கேட்டால் கோபிக்க முடியாது. வழுக்கையாற்றைக் கோடையில் வந்து பார்த்தால் அது புல் முளைத்த ஒரு பள்ளம். ஆடு கட்டியிருப்பார்கள், பெடியள் கிரிக்கெட் அடிப்பார்கள். மாரி பிறந்து குளங்கள் நிரம்பி வழியத் தொடங்கிய பிறகுதான் அது ஆறு. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைத் தண்ணீர் கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை என்று குளத்துக்குக் குளம் இறங்கி, அராலியில் கடலேரியில் போய் விழும். பதினைந்து கிலோமீட்டர் சொச்சம் நீளம். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல எங்களிடம் இருப்பது இதுதான்.

எங்கள் காணி அந்த ஆற்றங்கரையில், எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர். மேட்டுப் பக்கம் செம்பாட்டு மண், ஆற்றடியில் சாம்பல் நிற மண். அப்பா இதில் புகையிலை செய்தார், பிறகு சின்ன வெங்காயம், கடைசிக் காலத்தில் பீற்றூட். ஆற்று விளிம்பு வரைக்கும் உழுவார். ஒரு சாண் விடமாட்டார். விட்டால் அது காணி அல்ல, பத்தை என்பது அவர் கணக்கு. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். அடுத்த வருடம் யூரியா கிடைத்தது, ஆனால் விலை கேட்டவர் திரும்பி வந்துவிட்டார். அதோடு முழங்காலும் விட்டுவிட்டது. ஆற்றடித் துண்டு இரண்டு போகம் சும்மா கிடந்து பார்த்தீனியக் களை பிடித்தது.

நான் சாதாரண தர வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நைதரசன் வட்டத்தை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து அம்புக்குறி போடுகிறவன். எங்கள் வாய்க்கால் தண்ணீர் செந்நிறமாக ஆற்றுக்குள் இறங்குவதையும், தை மாதத்தில் கீழ்க்குளம் பச்சைப் பாயாகக் கிடப்பதையும் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து யோசித்தது 2023இல்தான். மண்துகளில் ஒட்டிக்கொண்டு உரத்தின் பொசுபரசு போகிறது, அதன் நைதரசன் நைத்திரேற்றாகத் தண்ணீரில் கரைந்து போகிறது, குளத்தில் பாசிக்கு விருந்து. ஆற்றங்கரையில் ஒரு பட்டை நிலத்தைப் பயிர் செய்யாமல் விட்டு, மரமும் புல்லும் வளர்த்தால் தோட்டத்துத் தண்ணீர் அதற்குள்ளால் வடிந்து போகும். மண் அங்கேயே படியும். சரி, செய்வோம் என்று இறங்கினேன்.

எவ்வளவு அகலம் விடுவது? அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஸ்ட்ரவுட் நீர் ஆய்வு மையம் என்று ஒன்று இருக்கிறது, சிற்றோடைகளையே வருடக்கணக்காகப் பார்ப்பவர்கள். சிறிய ஓடையைச் சரியாகக் காப்பாற்ற வேண்டுமென்றால் கரையிலிருந்து 30 மீட்டராவது காடு வேண்டும் என்பது அவர்கள் முடிவு. எங்கள் கரை நீளம் 60 மீட்டர். 30 மீட்டர் விட்டால் 1800 சதுர மீட்டர், ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீட்டர். எட்டுப் பரப்பில் ஏழு ஆற்றுக்கு. அப்பாவிடம் அதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. 12 மீட்டர் என்று முடிவு செய்தேன், மூன்று பரப்புக்குக் கொஞ்சம் குறைய. மண்ணைப் பிடிக்க அது ஓரளவு போதும், நைத்திரேற்றுக்குப் போதாது என்று தெரிந்தேதான் செய்தேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வானொலி கேட்டார். எங்கள் வீட்டில் அது அரைச் சம்மதம்.

முதல் வேலை குப்பை. ஆடி மாதம் மூன்று சனிக்கிழமைகள் இதற்கே போயின. கறுப்புப் பொலித்தீன், அரைவாசி புதைந்த உரப்பைகள், மருந்துப் போத்தல்கள், கறள் பிடித்த முட்கம்பி. மருந்துப் போத்தல்களைக் கையுறை போட்டு எடுத்துத் தனியாகக் கட்டிவைத்தேன். எரிக்கவில்லை. பார்த்தீனியத்தைப் பூக்க முன்னர் வேரோடு பிடுங்க வேண்டும். நான் பாதிக்கு மேல் பூத்த பிறகுதான் பிடுங்கினேன், அதன் பலனை இன்றும் அனுபவிக்கிறேன்.

அடுத்தது குழி. அலவாங்கு அரை அடி சுகமாகப் போகும், பிறகு 'டங்' என்று நிற்கும். கல் என்று நினைத்தேன். சில இடங்களில் உண்மையிலேயே சுண்ணாம்புக் கல். மற்ற இடங்களில் அது மண்தான். வருடக்கணக்காக ஒரே ஆழத்தில் லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் உழுது உழுது கீழே ஒரு தட்டு இறுகிப்போயிருந்தது. தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. உழுத நிலத்தில் மரம் வைக்கிறவர்கள் இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். முழுக் காணியையும் உடைக்க முடியாது. குழி குழியாக அந்தத் தட்டை ஓட்டையாக்கினேன். ஒரு குழிக்கு அரை மணித்தியாலம். கூலிக்கு வந்த தம்பி இரண்டாம் நாள் வரவில்லை.

2023 ஐப்பசியில், முதல் மழை நன்றாக விழுந்த பிறகு நட்டேன். கரை விளிம்பில் மருது 20. வன்னியில் ஆற்றங்கரை என்றால் மருதுதான், வேர் தண்ணீருக்குள் நின்றாலும் கவலைப்படாது. அதற்கு மேலே புங்கு 24, நாவல் 10, இலுப்பை 10. இலுப்பை விதையை வைத்திருந்து போட முடியாது. விழுந்த கையோடு பொறுக்கிப் பைக்குள் ஊன்ற வேண்டும், காய்ந்தால் முளை செத்துவிடும். அதை ஆடியிலேயே செய்திருந்தேன். இடையிடையே பூவரசங் கதியால், அதாவது ஊன்றினால் துளிர்க்கிற கம்பு, 20. மொத்தம் 84. தோட்டப் பக்க எல்லையில் ஒரு வரிசை வெட்டிவேர். தூரைப் பிரித்து, இலையை ஒரு சாணுக்கும் வேரை நாலு விரலுக்கும் வெட்டி, நாலைந்து அங்குலத்துக்கு ஒன்றாக நட்டேன். வெட்டிவேருக்கு நிழல் ஆகாது. அதனால் மரத்தடியில் வைக்காமல் வெயில் படும் மேல் வரிசையில் வைத்தேன்.

கிளிசரிடியாவைச் சொல்லாமல் விடக்கூடாது. வேலிக்கு நல்லது என்று அம்மா சொல்ல, பதினைந்து கதியால் ஊன்றினேன். துளிர்த்த பிறகுதான் உறைத்தது. அது வேர் முடிச்சில் நைதரசன் பிடிக்கிற சாதி. நைதரசனைத் தடுக்கப் போட்ட பட்டையில் நைதரசன் தொழிற்சாலை! பிடுங்கவில்லை. குழையை வெட்டி மேட்டுத் தோட்டத்து மண்ணுக்குள் பசளையாகத் தாழ்க்கக் கொண்டுபோகிறேன். வெட்டி வெளியே எடுக்கிற மட்டும் குற்றமில்லை என்று சமாதானம்.

கார்த்திகை ஏழாம் நாள் காலையில் போனால் பாதிக் கன்றுக்குத் தலை இல்லை. கட்டாக்காலி மாடுகள். முள்வேலி போட வசதியில்லை. பக்கத்துப் பனங்காணியில் கருக்கு மட்டை கேட்டு வாங்கி, கன்றுக்கு நாலு மட்டையாகச் சுற்றி ஊன்றிக் கூடு கட்டினேன். கருக்கு மட்டையின் விளிம்பு வாள் பல்லு மாதிரி. மாடு ஒருதரம் மூக்கை நீட்டும், மறுதரம் நீட்டாது. என்னுடைய கையும் கிழிந்தது. தலை போன புங்குகள் திரும்பத் துளிர்த்தன, நாவல்கள் துளிர்க்கவில்லை.

இவ்வளவும் செய்துவிட்டு, பட்டை வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை வைத்தேன். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் இரண்டு. மழை பெய்து அரை மணித்தியாலத்தில், மேலிருந்து எங்கள் காணிக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில் ஒன்று, ஆற்றில் விழுகிற இடத்தில் ஒன்று. இரண்டையும் யன்னல் கட்டில் ஆடாமல் ஒரு இரவு வைத்தால் மண் அடியில் படியும். காலையில் அடிமட்டத்தால் அளக்கலாம். ஆய்வுகூடம் வேண்டாம், காசு வேண்டாம். போத்தலின் அடி குழிவு குழிவாக இருப்பதால் அளவு பிசகும் என்று என் மாணவி ஒருத்தி சொன்னாள். சரிதான். அடியில் கொஞ்சம் சீமெந்து ஊற்றித் தட்டையாக்கினோம்.

நாலு மழைக்கு அளந்தேன். மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு. ஒருநாள் கீழே கூட.

எனக்கு விளங்கவில்லை. புல் வந்திருக்கிறது, கன்று நிற்கிறது, வெட்டிவேர் தூர் கட்டுகிறது. அடுத்த பெருமழைக்கு உரப்பையைத் தலையில் கொழுவிக்கொண்டு காணிக்குள் போய் நின்றேன். பத்து நிமிடத்தில் விடை கிடைத்தது.

காணியின் நடுவால் ஒரு வாய்க்கால் போகிறது. அப்பாவும் மேல் காணிப் பெரியப்பாவும் இளந்தாரிகளாக இருந்த காலத்தில் வெட்டியது. வெங்காயத்துக்குத் தண்ணீர் தேங்கக்கூடாது. மழை விட்ட கையோடு வடிய வேண்டும். அதற்காக நேர்கோடு பிடித்த மாதிரி ஆற்றுக்கு இறக்கியிருந்தார்கள். மேல் தோட்டங்கள் எல்லாவற்றின் தண்ணீரும் அந்த ஒன்றரை அடி வாய்க்காலுக்குள் கூடி, என்னுடைய 84 கன்றுகளுக்கும் ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், பாய்ந்து போய்க்கொண்டிருந்தது. பட்டை நனைந்தது வானத்திலிருந்து விழுந்த மழையால் மட்டும். நான் நட்டது வடிகட்டி அல்ல, வடிகட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூந்தோட்டம்.

இந்த வேலையில் இறங்குகிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான். கன்று வாங்க முதல் ஒரு மழைக்குள் போய் நில்லுங்கள். தண்ணீர் எந்த வழியால் போகிறது என்று கண்ணால் பாருங்கள். அது பரவி நடந்தால்தான் புல்லுக்கும் வேருக்கும் வேலை. ஓடினால், எத்தனை மீட்டர் அகலம் விட்டாலும் ஒன்றுதான்.

கண்ட கையோடு செய்த காரியம் மடைத்தனம். 2024 தை மாதம், மண் நிரப்பிய உரப்பை பன்னிரண்டை அடுக்கி வாய்க்காலை அடைத்தேன். தண்ணீர் பரவும் என்று எண்ணம். அது பின்னால் ஏறியது. அன்று இரவு எட்டு மணிக்குப் பெரியப்பா ரோர்ச் லைற்றோடு படலையடியில்.

"தம்பி, உன்ர காட்டுக்கு என்ர வெங்காயமோ பலி?"

மூன்று பாத்தி தண்ணீருக்குள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருவருமாக அந்த இருட்டில் பைகளை இழுத்து எடுத்தோம். அவர் மேற்கொண்டு ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த இரண்டு மாதமும் சொல்லவில்லை.

அந்தக் கோடை மோசம். பங்குனி, சித்திரை வெயிலைக் கன்றுகள் ஒருமாதிரித் தாங்கின. வைகாசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுப் பிடித்த பிறகு தாங்கவில்லை. காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும், அடியில் எவ்வளவு ஊற்றினாலும் காணாது. அடியில் ஈரம் நிற்கட்டும் என்று பழைய தென்னோலைக் கிடுகைப் பரப்பினேன். கறையானுக்குக் கல்யாண வீடு. கிடுகைத் தின்று முடித்து, அப்படியே கன்றின் தண்டுக்கு ஏறியது. தண்டிலிருந்து ஒரு கை தூரம் தள்ளிப் போட்டிருக்க வேண்டும். பிறகு அப்படித்தான் போட்டேன். போத்தல் மூடியில் ஊசித் துளை போட்டுக் கவிழ்த்து ஊன்றியது மட்டும் பலித்தது. ஆவணியில் எண்ணினால் 84இல் 31. மருது பதினொன்று, புங்கு பதின்மூன்று, பூவரசு ஆறு, இலுப்பை ஒன்று. நாவல் ஒன்றும் இல்லை. எங்கள் மண்ணும் காற்றும் தேர்ந்தெடுத்த பட்டியல் அது. அதற்கு மேல் வாதாட நான் யார். அந்த வருடம் புதிதாக வைத்ததெல்லாம் புங்கும் மருதும்தான்.

## மட்டம்

2024 ஆவணியில் வாய்க்காலை முறையாகக் கையாள இறங்கினேன். எண்ணம் இதுதான்: வாய்க்கால் எங்கள் பட்டைக்கு வருகிற இடத்தில் அதைப் பக்கவாட்டாகத் திருப்பி, சரிவுக்குக் குறுக்கே 25 மீட்டர் நீளத்துக்கு ஒரு அடி ஆழக் கிடங்காக ஓட விட்டு, முனையை மூடுவது. தண்ணீர் கிடங்கில் நிரம்பி, ஆற்றுப் பக்க விளிம்பால் 25 மீட்டர் நீளத்துக்கும் ஒரே மாதிரி, மெல்லிசாக வழிய வேண்டும். பழைய வாய்க்கால் வாயை மூடவில்லை. அதில் விளிம்பை விட அரை அடி உயரமாக ஒரு கல் அணை வைத்தேன். சாதாரண மழைக்குத் தண்ணீர் கிடங்குக்குப் போகும். வெள்ளம் வந்தால் கல்லுக்கு மேலால் பழைய வழியே போகும். பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து இதைக் காட்டினேன். கல்லில் காலை வைத்துப் பார்த்தார். "இன்னும் ரெண்டு விரல் பதி" என்றார். பதித்தேன். அதோடு கதைக்கத் தொடங்கினார்.

எல்லாம் அந்த விளிம்பு மட்டமாக இருப்பதில் இருக்கிறது. எந்த இடம் அரை அங்குலம் பள்ளமோ அந்த இடத்தால் முழுத் தண்ணீரும் போய்விடும். பிறகு அங்கேயே அரித்து இன்னொரு வாய்க்கால் வெட்டிக்கொள்ளும். வீடு கட்டும் மேசன் ஒருவரிடம் தண்ணிக் குழாய் இரவல் வாங்கினேன். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற, வளையக்கூடிய முப்பது அடிக் குழாய், உள்ளே தண்ணீர். இரண்டு முனையிலும் தண்ணீர் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும். நான் ஒரு முனையில், மகன் மறுமுனையில். தண்ணீர் மட்டம் கண்ணுக்குத் தெரிய உடுப்புக்குப் போடுகிற நீலம் இரண்டு சொட்டு. மூன்று எட்டுக்கு ஒரு தடி ஊன்றி, மட்டத்தில் கோடு கீறி, நூல் கட்டி, விளிம்பை அதற்குச் செதுக்கி, கால்பலகையால் இடித்து இறுக்கி, மேலே வெட்டிவேரும் அறுகும் பதித்தோம். இரண்டு கிழமை வேலை. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

ஐப்பசி முதல் மழைக்குத் தண்ணீர் நிரம்பி, கிழக்கு மூலையால் மட்டும் கொட்டியது.

திரும்பக் குழாயை எடுத்துப் பிடித்தால் கிழக்குப் பக்கம் இரண்டு அங்குலம் பதிவு. எப்படி? மகன்தான் கண்டுபிடித்தான். குழாயை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். நடுவில், வளைந்த இடத்தில், ஒரு குமிழி. என் சுண்டு விரல் நீளம். நீலத் தண்ணீருக்குள் ஒரு மணி மாதிரிக் கிடந்தது. குழாய்க்குள் காற்று அடைத்திருந்தால் இரண்டு முனையும் பொய் சொல்லும். நிரப்பும்போது வாளியிலிருந்து மெதுவாக உறிஞ்சி இழுத்து, முழு நீளத்தையும் விரலால் தட்டித் தட்டிக் குமிழியை வெளியே விட வேண்டும். பிறகு இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மேசன்மாருக்கு இது பால்குடி வயதில் தெரிந்த விஷயம். குழாயைத் தந்தவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. விஞ்ஞான வாத்தியாருக்குப் போய் யார் இதைச் சொல்வார்?

கிழக்குப் பக்கத்தை உயர்த்தி, முழுவதையும் புதிதாக மட்டம் பிடித்தோம். அடுத்த மழைக்கு மகனும் நானும் குடையோடு போய் நின்றோம். கிடங்கு மெல்ல நிரம்பியது. விளிம்பில் ஒரு நிமிடம் ததும்பி நின்றது. பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை புல்லுக்குள் தண்ணீர் இறங்கியது. சத்தமே இல்லை. செந்தண்ணீர் புல்லின் அடியில் நுரை கட்டி, இலைச் சருகைத் தள்ளி, தள்ளின இடத்தில் நின்று, பிறகு அடுத்த புல்லுக்குப் போனது. அதன் வேகம் ஒரு நத்தைக்குக் கொஞ்சம் கூட. நான் போத்தலை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலாக மாறப்போகிற தாழமுக்கம் வந்து குடாநாட்டை மழையால் நிரப்பிவிட்டது. வழுக்கையாறு கரை ஏறியது. மூன்று நாள் பட்டை முழுவதும் ஆற்றுக்குள். வடிந்த பிறகு போனால் மருது, புங்கு எல்லாம் சேறு பூசிக்கொண்டு நிற்கின்றன. வெட்டிவேர் ஆற்றுப் பக்கம் சாய்ந்து கிடந்தது, வேர் அசையவில்லை. கல் அணையால் வெள்ளம் பழைய வழியே போயிருக்கிறது. பெரியப்பாவின் தோட்டத்தில் எங்களால் ஒரு துளி தேங்கவில்லை. மேற்கு முனையில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு விளிம்பு உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் மண்ணைக் கிளறினால் நண்டு வளை. வயல் நண்டு ஒரு துளை போட்டிருக்கிறது, வெள்ளம் அதைக் கதவாக்கிவிட்டது. வயல்காரர் வரம்பு கட்டும்போது வளை தேடி மிதித்து அடைப்பது எதற்கென்று அன்றைக்கு விளங்கியது. இப்போது மாரிக்கு முதல் விளிம்பு நெடுக அலவாங்கால் குத்திப் பார்க்கிறேன்.

உடைப்பைக் கட்டிய பிறகு மார்கழியிலும் தையிலும் ஐந்து மழைக்குப் போத்தல் பிடித்தேன். மேல் போத்தலில் ஒரு விரல் மொத்தத்துக்கு மண். கீழ்ப் போத்தலில் அடிமட்டத்தால் அளக்க ஒன்றுமில்லை, தேநீர்க் கோப்பையின் அடியில் நிற்கிற அளவு தூள். ஐந்தில் நாலு தரம் இப்படி. ஐந்தாவது தரம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அன்றைக்கு மழை கனத்துக் கல் அணையால் வழிந்தது.

நைத்திரேற்றுக் கதை இவ்வளவு அழகாக இல்லை. தாள் கீற்றுப் பரிசோதனை வாங்கினேன். நனைத்து ஒரு நிமிடம் வைத்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும், பெட்டியில் உள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும். மகன் ஒரு எண் சொல்வான், நான் ஒன்று சொல்வேன். மாரியின் முதல் மழைக்குத்தான் நிறம் ஆகக் கடுமை, கோடை முழுதும் மண்ணில் தங்கினது ஒரேயடியாகக் கழுவுப்பட்டு வருவதால். கீழே ஆற்றோரத்தில் ஒரு படி குறைந்த மாதிரி இருக்கும், சில நாள் அதுவும் இல்லை.

நைத்திரேற்றைத் தாவரம் கொஞ்சம் உறிஞ்சும். மிச்சத்தைக் கழிக்க வேண்டியது பற்றீரியா. அதற்குக் காற்றில்லாத ஈரச் சேறும், தின்ன இலைமக்கும் வேண்டும். இரண்டும் இருந்தால் நைத்திரேற்றை வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும். தண்ணீர் தேங்கிய நெல் வயலிலும் இது நடக்கிறது. அங்கே அது கமக்காரனுக்கு நட்டம்: போட்ட யூரியாவில் ஒரு பங்கு காற்றோடு போகிறது. ஆற்றங்கரையில் அதே நட்டம்தான் எங்களுக்கு வேண்டியது. கரையடியில் மருதுக்குக் கீழே மண்ணைக் கிளறினால் கறுப்பாக, அழுகின முட்டை மணத்தோடு வருகிறதா என்று பார்க்கிறேன். அம்மாவுக்கு அருவருப்பு, எனக்குச் சந்தோசம். ஆனால் எங்கள் கரை அப்படி இருப்பது வருடத்தில் மூன்று, நாலு மாதம். மக்கும் இன்னும் சேரவில்லை.

இன்னொன்றை மறைக்கக்கூடாது. எங்கள் தோட்டக் கிணற்றில் கீற்று முதல் நாள் காட்டிய கடும் நிறத்தை இன்றைக்கும் காட்டுகிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. எங்கள் கிணறு அதற்கு மேலே என்று இரண்டு பேரின் கண்ணும் ஒத்துக்கொண்டது. ஆற்றங்கரையில் எதை நட்டாலும் இது மாறாது. செம்பாட்டு மண் மெல்லிசு, அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல், கல்லில் வெடிப்பும் பொந்தும். தோட்டத்தில் போட்டது பாய்ச்சிய தண்ணீரோடு நேரே கீழே போகிறது. ஆற்றங்கரைக்கு வந்து என் புல்லைச் சந்திக்கும் எண்ணமே அதற்கு இல்லை. 50 கிலோ யூரியாப் பையில் 23 கிலோ நைதரசன். பயிர் எடுத்தது போக மிச்சம் எங்கே போகும்? கிணற்றுக்கு வைத்தியம் மேட்டில், உரத்தைக் குறைத்துப் பிரித்துப் போடுவதிலும் தண்ணீரை அளந்து விடுவதிலும் இருக்கிறது. குடிக்க நாங்கள் வேறு இடத்தில் தண்ணீர் எடுக்கிறோம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, கூடும். இதைப் பலர் மாறி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாட்டுப் பிரச்சினை தீர்ந்த விதம் நான் திட்டமிட்டதல்ல. 2025 மாசியில் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்துவிட்டது. விட்டால் காய்ந்து விழுந்து, பிடித்து வைத்த சத்தெல்லாம் அடுத்த மாரிக்குத் திரும்ப ஆற்றுக்குப் போய்விடும். வெட்டி வெளியே எடுக்க வேண்டும். ஒழுங்கை முனையில் இரண்டு பசு வைத்திருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். புல்லை வெட்டிக்கொண்டு போங்கோ, ஆனால் கரையோரத்து இரண்டு மீட்டரைத் தொடவேண்டாம், மாட்டை உள்ளே விடவும் வேண்டாம் என்றேன். கிழமைக்கு இரண்டு தரம் வந்து ஒரு கட்டு வெட்டுவார். பிறகு ஒருநாள் பின்னேரம் வாய்க்கால் பக்கம் ஒரே கூச்சல். கட்டாக்காலி ஒன்றைப் பூவரசங் கம்போடு றோட்டுவரைக்கும் துரத்திக்கொண்டு போகிறார்.

"என்ர புல்லுக்குள்ளை வாயை வைக்குது தம்பி!"

கருக்கு மட்டை இப்போது புதுக் கன்றுகளுக்கு மட்டும்தான் தேவைப்படுகிறது.

பாம்பு வரும் என்று சொன்னார்கள். வந்தது, சாரைதான். கொக்கும் வருகிறது, நண்டைத் தின்றால் நல்லது. தாழை வைக்கச் சொன்னார்கள், அந்த ஆலோசனையை மட்டும் அப்பா கேட்டுவிட்டு வானொலியை நிறுத்திவிட்டு "வேண்டாம்" என்றார். வைக்கவில்லை. ஆனால் பின்னேரங்களில் கதிரையை இப்போது ஆற்றுப் பக்கம் பார்க்கப் போடுகிறார்.

இப்போது புரட்டாதி. பதினெட்டு மருதும் இருபத்திரண்டு புங்கும் நிற்கின்றன, உயர்ந்தது என் தலைக்கு மேல். மேற்கு முனையில் இரண்டு இடத்தில் புது வளை கண்டேன், அடைத்தாயிற்று. விளிம்பு ஒரு இடத்தில் மாடு மிதித்துப் பதிந்திருக்கிறது, திரும்ப மட்டம் பிடிக்க வேண்டும். பெரியப்பா தன்னுடைய காணிக் கீழ் மூலையிலும் ஒரு கிடங்கு வெட்டிப் பார்க்கலாம் என்கிறார். வெங்காயம் நட முதல் முடிக்க வேண்டுமாம். குழாய் மேசனிடம் இருக்கிறது. அவர் மானிப்பாயில் ஒரு மாடி வீட்டு வேலையில் நிற்கிறார், ஞாயிற்றுக்கிழமை போய் வாங்க வேண்டும்.